சிறு இஞ்சின் கற்பிக்கும் பாடம்

நூல் கிடங்கின் இருப்பைச் சரிபார்க்கும்போது எடைக்கற்களையும் எண்ணிப் பார்ப்பது நமது வழக்கம். அண்மையில் ஒரு சிறிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். சிட்டங்களின் எண்ணிக்கை பதிவேட்டோடு பொருந்தியது. பாவு நூல், ஊடை நூல் இரண்டும் சரியாக இருந்தன. இரண்டு கிலோ எடைக்கல் ஒன்று மட்டும் காணப்படவில்லை.

விசாரித்தபோது, "அது சாயப் பட்டறையில் இருக்கிறது, ஐயா" என்றார் கிடங்குப் பொறுப்பாளர். சாயப் பட்டறையில் அதற்கு என்ன வேலை என்று போய்ப் பார்த்தோம். சாயத் தொட்டிகளுக்கு ஆவி கொடுக்கும் சிறு கொதிகலன் ஒன்று அங்கே விறகில் எரிந்துகொண்டிருந்தது. அதன் உச்சியில் பாதுகாப்பு வால்வு. அந்த வால்வை அழுத்திப் பிடிக்கும் நெம்புகோலின் நுனியில், அதற்கென்று அமைந்த இரும்புக் குண்டுக்குப் பக்கத்தில், காணாமற்போன நமது எடைக்கல் கம்பியால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

"அடிக்கடி ஆவி சீறி வீணாகிறது. விறகு விற்கும் விலையில் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் கட்டினோம்" என்றார் காரியதரிசி. நமது முகத்தைப் பார்த்துவிட்டு, "சின்னக் கொதிகலன்தானே, ஐயா. இது என்ன ரயில் இஞ்சினா?" என்றும் சொன்னார். கொதிகலனுக்குரிய சான்றிதழைக் கேட்டோம். அதன் காலம் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

எடைக்கல்லைத் திடீரென்று கழற்ற வேண்டாமென்றும், நெருப்பை இழுத்துவிட்டுக் கொதிகலனைத் தானாக ஆற விடும்படியும் கேட்டுக்கொண்டோம். தீபாவளிக்கு முந்திய காலம் அது. சாயம் ஏறாவிட்டால் பாவு ஓட்ட முடியாது. பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. அன்று மாலையே அங்கத்தினர்கள் சங்க வாயிலில் கூடிவிட்டார்கள். "சிறு கொதிகலனுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? நாங்கள் பட்டினி கிடப்பதா?" என்று முதிய நெசவாளர் ஒருவர் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று அவர்களிடம் நாம் கூறிய மறுமொழியையே, மற்றச் சங்கத்தாருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி, இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். "இது என்ன ரயில் இஞ்சினா?" என்று காரியதரிசி கேட்டாரல்லவா? ஆகவே ஒரு ரயில் இஞ்சினைப் பற்றியே பேசினோம். அதுவும் உலகத்திலுள்ள மிகச் சிறிய வகைகளுள் ஒன்றைப் பற்றி.

ஏரியைச் சுற்றும் ரயில்

வேல்ஸ் நாட்டின் வடகரையில் ரில் என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கே மரைன் லேக் என்ற ஏரியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மைல் நீளத்தில் ஒரு சிறு ரயில் பாதை வளைந்து செல்கிறது. 1911-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையின் தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் 15 அங்குலமே. நம் நாட்டு அகல ரயில் பாதை 5 அடி 6 அங்குலம்; அதில் கால் பங்குகூட இல்லை. இஞ்சினின் கூரை, பக்கத்தில் நிற்பவரின் மார்பளவுக்கு எட்டினால் அதிகம். ஓட்டுபவர் இஞ்சினுக்குள் நிற்க முடியாது. பின்னாலுள்ள கரி வண்டியில் உட்கார்ந்து, கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஓட்டுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாகத் திறந்த பெட்டிகள். அவற்றில் குழந்தைகளும் பெற்றோரும்.

இவ்வகை ரயில்களில் ஏறியவர் யார் என்பது நம் அங்கத்தினருக்குச் சுவையான செய்தி. லங்காஷயர் மாவட்டத்து நூற்பாலை, நெசவாலைத் தொழிலாளர்கள் அவர்களுள் பலர். ஆண்டுக்கு ஒரு வாரம் ஒவ்வோர் ஊரிலும் ஆலைகள் அனைத்தும் மூடப்படும். அந்த வாரத்திற்கு நெடுங்காலம் கூலி கிடையாது. கூலியோடு கூடிய விடுமுறைக்கு அந்நாட்டில் சட்டம் வந்தது 1938-இல்தான். எனவே தொழிலாளர்கள் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் சில பென்னிகளைச் சேமிப்புக் குழுக்களில் கட்டி, விடுமுறை வாரத்தில் அதைப் பெற்றுக்கொண்டு, பிளாக்பூல், ரில் முதலிய கடற்கரை ஊர்களுக்குக் குடும்பத்தோடு சென்றார்கள். கூட்டுறவு இயக்கத்தின் தாயகம் என்று நாம் போற்றும் ராச்டேல் நகரமும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததே. பஞ்சுத் தூசியினிடையே ஆண்டெல்லாம் நின்ற கால்கள், ஒரு நாள் அச்சிறு வண்டியில் மடங்கி உட்கார்ந்து ஏரியைச் சுற்றி வந்தன. அந்தச் சிறு கட்டணத்திற்கு ஈடாக அவர்கள் எதிர்பார்த்தவை இரண்டு: மகிழ்ச்சி ஒன்று, பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பி இறங்குவது மற்றொன்று.

பதினைந்து அங்குலம் வந்த வகை

15 அங்குலம் என்ற அளவு விளையாட்டிற்காகப் பிறந்ததன்று. சர் ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலேயர், பண்ணைகளிலும் தோட்டங்களிலும் சரக்கு ஏற்றிச் செல்ல எவ்வளவு சிறிய ரயில் போதும் என்று ஆராய்ந்தார். 1874-இல் டெர்பிஷயரிலுள்ள டஃபீல்டு பாங்க் என்னும் தமது இல்லத்தருகே பாதை அமைத்துச் சோதித்தார். பெட்டி கவிழாமல் நிலைத்து நிற்கவும், மனிதர் ஏறிச் செல்லவும், செலவு மிகாமல் இருக்கவும் 15 அங்குலமே குறைந்தபட்ச அளவு என்பது அவர் கண்ட முடிவு. 1896-இல் செஸ்டர் நகருக்கருகே ஈட்டன் ஹால் பண்ணைக்கு அதே அளவில் ஒரு பாதை அமைத்துக் கொடுத்தார். கரியும் செங்கல்லும் மரமும் அதில் ஆண்டுக்கணக்காகச் சென்றன.

பின்னர் நார்தாம்டன் நகரத்து மாதிரிப் பொறி வணிகரான பாஸெட்-லோக் என்பவரும், பொறியாளர் ஹென்றி கிரீன்லியும் அதே அளவைப் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு எடுத்துக்கொண்டனர். பெரிய இஞ்சினின் நான்கில் ஒரு பங்கு அளவில் கிரீன்லி வரைந்த 'லிட்டில் ஜயன்ட்' என்ற இஞ்சின் 1905-இல் வெளிவந்தது. ஈட்டன் ஹால் பாதையில் சோதித்தபோது மணிக்கு 35 மைல் வேகம் காட்டிற்று. அதே ஆண்டில் பிளாக்பூலில் மக்களை ஏற்றிச் சென்றது. ஆறு ஆண்டுகளுக்குப்பின் ரில் பாதை பிறந்தது. 1920 முதல், ரில் நகரத்திலேயே இருந்த ஆல்பர்ட் பார்ன்ஸ் பட்டறையில், கிரீன்லியின் வரைபடங்களைக் கொண்டு, ஆறு இஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவதற்கு 'ஜோன்' என்று பெயர். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் நான்கு பெரிய சக்கரங்கள், பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட அந்த இஞ்சின், நூறாண்டைக் கடந்தும் பேணப்பட்டு வருகிறது.

உள்ளே எரிவது மெய்யான நெருப்பு

இச்சிறு இஞ்சினைக் கண்டவர், உள்ளே வேறு ஏதோ எளிய சூழ்ச்சி இருக்கும் என்று நினைக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. நெருப்புப் பெட்டியில் கரி எரிகிறது. அதன் சூடான புகை, கொதிகலனுக்குள் நெடுக ஓடும் குழாய்களின் வழியே சென்று சுற்றியுள்ள நீரைக் கொதிக்க வைக்கிறது. ஆவி உருளைகளில் புகுந்து தண்டைத் தள்ள, சக்கரம் சுழல்கிறது. வேலை முடிந்த ஆவி புகைப்போக்கியின் வழியே சீறி வெளியேறும்போது, நெருப்புக்கு வேண்டிய காற்றையும் இழுத்துவிடுகிறது. பெரிய இஞ்சினில் உள்ளது எதுவும் இங்கே விடுபடவில்லை.

காவற்கருவிகளும் அவ்வாறே. நீரின் உயரத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய் உண்டு. அழுத்தத்தைக் காட்டும் மானி உண்டு. வரம்பு மீறினால் தானே திறந்து ஆவியை வெளிவிடும் பாதுகாப்பு வால்வு உண்டு. நெருப்புப் பெட்டியின் மேல்தகடு எப்பொழுதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் இறங்கித் தகடு வெளிப்பட்டால், அது பழுக்கக் காய்ந்து வலுவிழந்து உள்ளே சரியும். ஒரு படி நீர் ஆவியானால் சுமார் 1,600 படி இடம் கேட்கும். கொதிகலனில் அடைபட்ட வெந்நீர் ஒரே நொடியில் விடுபட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இத்தகைய சிறு இஞ்சின்களிலும் ஆவியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு நூறு பவுண்டுக்கு மேல் உண்டு. இஞ்சினைக் கால் பங்காகச் சுருக்கினோம் என்பதற்காக அழுத்தத்தைக் கால் பங்காகச் சுருக்கிவிட முடியாது. சுருக்கினால் வண்டி நகராது.

அளவு குறையும், விதி குறையாது

நெசவாளருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றைச் சொல்வோம். ஒரு துண்டின் நீளத்தையும் அகலத்தையும் கால் பங்காகக் குறைத்தால், பிடிக்கும் துணி பதினாறில் ஒரு பங்காகும். விவசாயிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு குதிரின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கால் பங்காக்கினால், அது கொள்ளும் நெல் அறுபத்துநான்கில் ஒரு பங்காகும். சிறு இஞ்சினுக்கும் இதே கணக்குத்தான். அதன் புறப்பரப்பு பெரிய இஞ்சினில் பதினாறில் ஒரு பங்கு. ஆனால் அது கொள்ளும் நீரோ அறுபத்துநான்கில் ஒரு பங்கு. ஆகவே, உள்ளிருக்கும் நீரோடு ஒப்பிட்டால், வெப்பத்தை இழக்கும் பரப்பு அதற்கு நான்கு மடங்கு. பெரிய கொதிகலன் மெல்ல ஆறும். சிறியது விரைவில் ஆறிவிடும்.

இன்னும் பாருங்கள். பெரிய இஞ்சினில் 2 அங்குலக் குழாய் இருந்தால், சிறிய இஞ்சினில் அரை அங்குலக் குழாய் வைக்க வேண்டும் என்று வரைபடம் சொல்லும். ஆனால் கரித்துகளும் சாம்பலும் அளவில் சுருங்குவதில்லையே! அரை அங்குலக் குழாய் விரைவில் அடைத்துக்கொள்ளும். எனவே குழாயின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைப் பெருக்குவதே அறிந்தவர் கையாளும் முறை. வெளித்தோற்றத்தைச் சுருக்கலாம், நெருப்பையும் நீரையும் சுருக்க முடியாது என்பதை உணர்ந்தவரே நல்ல சிறு இஞ்சின் செய்ய வல்லவர்.

இவற்றிற்கெல்லாம் மேலானது நீர்மட்டம். பெரிய கொதிகலனில் நீர் ஓர் அங்குலம் இறங்கினால் இன்னும் பல அங்குலம் மிச்சம் இருக்கும். சிறியதில் அந்த ஓர் அங்குலமே அனைத்துமாக இருக்கலாம். பெரிய இஞ்சின் ஓட்டுநர் கண நேரம் அயர்ந்தாலும் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. சிறு இஞ்சின் ஓட்டுநருக்கு அந்த அவகாசம் குறைவு. சிறியது வெடித்தால் பெரியதைப்போல் ஊரையே உலுக்காமல் இருக்கலாம். ஆனால் ஓட்டுநர் அதற்கு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழந்தைகள் அவருக்கு அடுத்த பெட்டியில் இருக்கிறார்கள். ஆகவே சிறிய இயந்திரத்திற்குக் கவனம் குறைவாகப் போதும் என்பதற்கு மாறாக, மிகுதியாக வேண்டும் என்பதே உண்மை.

சோதனை எப்படி நடக்கிறது

பிரிட்டனில் பொதுமக்களை ஏற்றும் இவ்வகை இஞ்சின்கள், 2000-ஆம் ஆண்டின் அழுத்தக் கலப் பாதுகாப்பு விதிகளின்கீழ், எழுத்தில் வகுத்த திட்டப்படி, தகுதி பெற்றவரால் குறித்த காலத்தில் சோதிக்கப்படுகின்றன. 'பூங்கா இஞ்சின்' என்ற சலுகை இல்லை. கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, ஓடும்போது உள்ள அழுத்தத்தைவிட மிகுதியாக அழுத்திப் பார்ப்பது ஒரு சோதனை. நீர் ஆவியைப்போல் விரியாதாகையால், தகட்டில் குறை இருந்தால் நீர் கசியுமேயன்றி உயிருக்குச் சேதம் நேராது. பின்னர் நெருப்பு மூட்டி, ஆவி ஏற்றி, பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் தானே திறக்கிறதா என்று கண்ணெதிரே பார்ப்பது மற்றொரு சோதனை. வால்வு சீறுவது வீண் செலவன்று. அது தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஓயாமல் சீறினால், எங்கோ பழுது என்று அது நமக்கு அறிவிக்கிறது.

இந்தச் சோதனை முறைக்கும் நம் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைகளில் கொதிகலன்கள் வெடித்து நூற்போரும் நெய்வோரும் மாண்டது பலமுறை. சட்டம் வருமென்று காத்திராமல், 1854-இல் வில்லியம் ஃபேர்பெர்ன் என்ற பொறியாளர் முன்னின்று முயல, கொதிகலன் உடையோர் மான்செஸ்டரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அங்கத்தினர் சந்தா செலுத்துவர். சங்கம் ஆய்வாளர்களை அமர்த்தி அங்கத்தினரின் கொதிகலன்களைச் சோதிக்கும். வெடி விபத்துகளை அரசு விசாரித்தாக வேண்டும் என்ற சட்டம் 1882-இல்தான் அங்கே பிறந்தது. சட்டத்திற்கு 28 ஆண்டுகள் முன்னதாகவே கூடிச் செயற்பட்டவர்கள் வழி காட்டினார்கள். நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்து, 2025-இல் புதிய சட்டத்திற்கு இடம் கொடுத்தது.

ரில் ரயிலுக்கும் தாழ்வு வந்ததுண்டு. 1969-இல் ஓட்டம் நின்றது. 1978-இல் அதே ஏரிக்கரையில் மீண்டும் தொடங்கியது. இன்று அதன்மீது பற்றுடையோர் ஓர் அறக்கட்டளையாக அமைந்து, ஊதியம் கருதாது இஞ்சினைத் துடைத்தும், கரி வாரியும், பழுது நீக்கியும் ஓட்டி வருகிறார்கள். நூறாண்டு பழைய இஞ்சினின் அருகே பிள்ளைகளை நம்பி உட்கார வைக்க இயலுகிறதென்றால், அதற்குக் காரணம் இரும்பின் உறுதி மட்டுமன்று. இன்ன நாளில் இன்னார் பார்த்தார், இன்ன குறை கண்டார், இன்ன வகையில் நீக்கினார் என்று எழுதிவைத்த பதிவேடும் காரணமாகும்.

எடைக்கல் கிடங்குக்குத் திரும்பியது

இவ்வளவும் கேட்ட பிறகு அந்த முதிய நெசவாளர், "அந்தப் பட்டறையில் என் பேரனும் வேலை செய்கிறான்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் எதிர்ப்பு எழவில்லை.

மூன்றாம் நாள் கொதிகலன் துறையின் அதிகாரி வந்து பார்த்தார். உள்ளே உப்புப் படிவு தடித்துக் கிடந்தது. வால்வின் இருக்கை தேய்ந்திருந்தது. அதனாலேயே அது ஓயாமல் சீறிற்று. நெருப்பு படும் பக்கத்தில் ஒரு தகடு ஓரிடத்தில் மெலிந்திருந்தது. இரண்டு கிலோதானே என்று எண்ணிக் கட்டிய எடை, நெம்புகோலின் நுனியில் தொங்கியதால், வால்வின்மேல் பல மடங்காக அழுத்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கோல் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெலிந்த தகடு, கட்டப்பட்ட வால்வு, காலங்கடந்த சான்றிதழ் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பக்கத்திலேயே நாள்தோறும் ஆறு பேர் நின்று சாயத் தொட்டியில் சிட்டம் புரட்டினார்கள்.

பழுது பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அண்டையிலுள்ள சங்கமொன்று தன் பட்டறையில் இரவு நேரத்தில் சாயமேற்றிக் கொடுத்தது. கூலியைப் பின்னர் பெற்றுக்கொண்டது. இருப்பினும் சில தறிகள் நின்றன. சில அங்கத்தினருக்குக் கூலி நட்டம் ஏற்பட்டது. அது முழுவதும் ஈடு செய்யப்படவில்லை. பழுதுச் செலவும் ஆண்டுதோறும் பராமரித்திருந்தால் ஆகக்கூடியதைவிடப் பன்மடங்காயிற்று. சிக்கனம் என்று விறகில் மிச்சம் பிடித்தது, இவ்வாறு செலவில் முடிந்தது.

இப்பொழுது அப்பட்டறையில் ஒரு சிறு பதிவேடு தொங்குகிறது. காலையில் நீர்மட்டக் கண்ணாடி பார்த்தவர் கையொப்பமிடுகிறார். வாரம் ஒருமுறை வால்வைச் சோதித்தவர் கையொப்பமிடுகிறார். சான்றிதழ் முடியும் தேதி சுவரில் சிவப்பு மையால் எழுதப்பட்டுள்ளது. நிர்வாகக் குழுவின் மாதக் கூட்டத்தில் அப்பதிவேடு படிக்கப்படுகிறது.

ஆய்வாளர் என்ற முறையில் இன்னும் ஒரு சொல் கூற விரும்புகிறோம். 'சிறிய சங்கந்தானே, இத்தனை பதிவேடு எதற்கு? ஒதுக்கு நிதி எதற்கு? தணிக்கையில் கண்ட குறையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சைச் செல்லுமிடமெல்லாம் கேட்கிறோம். பெரிய சங்கம் ஒரு நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு நீர் மிகுதி. ஐம்பது தறிச் சங்கத்தில் ஓர் அங்குலம் இறங்கினால் தகடு வெளிப்பட்டுவிடும். அங்கே கணக்குப் புத்தகமே நீர்மட்டக் கண்ணாடி. தணிக்கைக் குறிப்பே வால்வின் சீறல். அது காதுக்கு இனிமையாக இராது என்பதற்காக அதன்மேல் எடைக்கல்லைக் கட்டிவிட வேண்டாம்.

அடுத்த ஆய்வுக்குச் சென்றபோது அந்தக் கிடங்கின் எடைக்கற்களை எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை சரியாக இருந்தது.